நாற்பத்தோராவது திருத்தம்

அத்தியாயம் 6

முதல் குத்து மூக்கில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று மாதேஷுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவன் சம்பங்கியின் டிபன் தள்ளுவண்டிக்கு அடியில் கிடந்தான்.

அங்கிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரிந்தன. அடிக்க வந்தவர்களின் கால்கள் நான்கு. வண்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்த சம்பங்கியின் கால்கள் இரண்டு. பெஞ்சுக்குக் கீழே, கால் மேல் கால் போட்டபடி அசையாமல் இருந்தவை எஸ்லினுடையவை. ஓசூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் அந்த அம்மாள்தான் மாதேஷின் முதலாளி. தோசையை இன்னும் முடிக்கவில்லை.

"அக்கா," என்றான் ரத்தத்தைத் துப்பிவிட்டு. "சாப்ட்டு முடிங்க. அவசரமில்ல. இங்க எனக்குப் பொழுது போயிட்டுதான் இருக்குது."

மொட்டைத் தலைக்காரன் அவன் விலாவில் உதைத்தான். "மூணு மணி வரைக்கும் சிப்காட் பக்கம் உங்க நெழலு கூட விழக் கூடாது. தங்கதுரை தலைவர் சொல்லி அனுப்பிச்சாரு. புரிஞ்சுதா?"

"எனக்குப் புரிஞ்சுது. என் விலாவுக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லு."

இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவைக்குக் காலைத் தூக்கியபோது எஸ்லின் எழுந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் குண்டானை அவன் தொடை மேல் கவிழ்த்தாள். மொட்டைத் தலை போட்ட அலறலில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டாமவன் கத்தியை உருவினான். தோசைத் திருப்பியின் விளிம்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு வரைக்கும் போயிருக்க வேண்டும். கத்தியை விட்டுவிட்டுக் கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு ஓடினான். நம்பர் பிளேட் இல்லாத பைக் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போனது.

"ஒரு குண்டான் சாம்பாரு," என்றாள் சம்பங்கி.

"ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்குதும்மா," என்றாள் எஸ்லின்.

"அரை உயிருதான்," என்றான் மாதேஷ் வெளியே ஊர்ந்து வந்து. "மீதி முன்னாடியே போயிடுச்சு."

எஸ்லின் அவன் மூக்கில் டிஷ்யூவைத் திணித்தாள். "அவன் சொன்னதைக் கவனிச்சியா?"

"அடி வாங்கிட்டு இருந்தேன்க்கா. கவனிக்கறதுக்குத் தனியா ஆள் போட்டிருக்கணும்."

"யாரு அனுப்பினதுன்னு நாம கேக்கவே இல்ல. அவனே சொன்னான். அடிக்க வந்தவன் கேக்காமலே பேரைச் சொன்னா, அது அனுப்பினவன் பேரா இருக்காது."

மணி பன்னிரண்டே முக்கால்.

மூன்று மணிக்கு ஓட்டு. சிப்காட்டில் கார்களுக்கு பிரேக் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியின் தொழிலாளர் சங்கம் அது. அறுநூற்றிருபது பேர். சங்கத்தின் சட்ட விதிகளில் பதினான்காவதைத் திருத்தலாமா வேண்டாமா என்று சீட்டில் குறி போட வேண்டும். தங்கதுரை பத்தொன்பது வருஷமாகத் தலைவர். அவருடைய வக்கீல் எழுதிக்கொடுத்த சீட்டு ஏழு வரி நீளம். அதில் 'ஆம்' போட்டால் விதி மாறுமா, மாறாமல் நிற்குமா என்று வக்கீலே இரண்டு தடவை படித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, யார் படித்தாலும் புரிகிற மாதிரி ஒன்று எழுதுகிறேன் என்று கிளம்பியவர் பாக்கியராஜ். சங்கத்தின் துணைச் செயலாளர். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எழுதுவார். பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டுவார். 'மாற்றலாம்' ஜெயித்தால் என்ன நடக்கும் என்று அவரவர் பாஷையில் திருப்பிச் சொல்லச் சொல்வார். பத்தில் ஒருத்தர் தப்பாகச் சொன்னாலும் கிழித்துப் போடுவார். நாற்பது தடவை கிழித்தார். நாற்பத்தொன்றாவது தேறியது. திங்கட்கிழமை சாயங்காலம் அச்சடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

செவ்வாய் காலையில் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே, ஆற்றின் கழிவு நுரைக்குள் குப்புறக் கிடந்தார். நுரையை விலக்கினால்தான் ஆள் என்றே தெரிந்தது. பின்மண்டை உள்ளே போயிருந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் தகடாக நசுங்கியிருந்தன. சீட்டுப் பையைக் காணோம்.

ஓட்டு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவிடாமல் செய்தவர் சங்கச் செயலாளர் ரத்தினவேல். பாக்கியராஜின் இருபது வருஷச் சிநேகிதர். நண்பனின் வார்த்தையை ஞாபகத்திலிருந்து எழுதி, ராத்திரியோடு ராத்திரியாகக் கிருஷ்ணகிரியில் அச்சடித்துக்கொண்டு வந்தார். 'சங்கத் தலைவராக ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. ஆம் / வேண்டாம்.' ஒரே வரி. குழந்தைக்கும் புரியும். புதன் காலை கம்பெனி கேட்டில் நின்று அதைப் படித்தபோது அவர் அழுதார், கூட்டமும் அழுதது.

பாக்கியராஜின் மனைவி அற்புதமேரி மட்டும் அழவில்லை. நேராக எஸ்லினின் ஆபீஸுக்கு வந்தாள்.

"இது அவர் எழுதினது இல்லம்மா. அவர் நாப்பத்தியொரு தடவை திருத்தினாரு. இது ஒரே தடவையில எழுதின மாதிரி இருக்குது. கொன்னவனைப் போலீஸ் பிடிக்கட்டும். அவர் எழுதின சீட்டு மூணு மணிக்குப் பெட்டியில விழணும். எனக்கு அது போதும்."

தேர்தல் அதிகாரியாக வந்திருந்த வக்கீல் நிர்மலா போனில் ஒரே ஒரு வழி சொன்னாள். பாக்கியராஜ் கையெழுத்து போட்ட அசல் சீட்டு ஒன்றே ஒன்று, ரெண்டே முக்காலுக்குள் அவள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ரத்தினவேல் கொடுத்த சீட்டுதான் ஓடும்.

"உனக்கும் படிச்சுக் காட்டினாராம்மா?" என்று எஸ்லின் சம்பங்கியைக் கேட்டாள்.

"காட்டாம? கடைசியா காட்டினது எனக்குத்தான். நான் சொன்னேன், ரெண்டு தபா உக்காந்தா எந்திரிச்சு எடம் விடணும், அவ்ளோதானேப்பான்னு. சிரிச்சுகினே டிக் போட்டாரு. வடை கூட சாப்ட்டாரு." சம்பங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்லினின் போன் சிணுங்கியது. பிணவறையிலிருந்து போட்டோ. பாக்கியராஜின் சட்டை, பாக்கெட் பக்கம் மட்டும். பட்டன் துளையில் ஒரு துண்டு நூல். அதன் நுனியில் கிழிந்த மஞ்சள் அட்டை, நகம் அளவுக்கு.

"இது என்னன்னு அங்க யாருக்கும் தெரியலையாம். லாண்டரி சீட்டா இருக்கும்ங்கறாங்க."

மாதேஷ் போனைப் பிடுங்கினான். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அதே கம்பெனியின் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். அந்த மஞ்சளை அவன் கனவில் பார்த்தாலும் சொல்வான்.

"ஃபர்ஸ்ட் பீஸ் டேக்குக்கா. மிஷினை ஓட்டினதும் வருதே முதல் பீஸு, அதை அளந்து பாத்து, சரியா இருந்தா மஞ்சள் அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, தனியா வெப்பாங்க. அப்புறம் வர்றதை எல்லாம் அதோட வெச்சுத்தான் ஒப்பிடணும். குவாலிட்டிக்காரன் தன் கல்யாணப் பத்திரிகை அடிச்சாக் கூட முதல் பத்திரிகைக்கு டேக் கட்டிடுவான்."

"அப்ப முதல் சீட்டு அவர் பாக்கெட்ல இருந்திருக்குது."

"பிச்சு எடுத்திருக்கான்."

"பையோட அறுநூறு சீட்டு கையில இருக்கறப்ப, பாக்கெட்ல இருந்த ஒண்ணு எதுக்கு? அது என்னன்னு அவனுக்குத் தெரியும். கூலிக்கு வந்தவன் இல்ல மாதேஷ். தங்கதுரை வெளியாளு, மிஷினையே தொட்டதில்ல. இது உள்ள வேலை செஞ்சவன்."

மாதேஷ் மூக்கிலிருந்த டிஷ்யூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றான்.

"அக்கா. லாஸ்ட் பீஸ்."

"என்னது?"

"நாலு வருஷம் முன்னாடி கார் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வந்து புது ரூல் போட்டான். ஓட்டி முடிச்சதும் கடைசிப் பீஸையும் எடுத்து, பச்சை அட்டை கட்டி, டையோடவே கட்டி வைக்கணும். தகடு அடிக்கற அச்சு இருக்குதே, அதான் டை. அடுத்த தடவை அதை எடுக்கறப்ப கடைசிப் பீஸைப் பாத்துட்டுத்தான் ஓட்டணும். இப்ப மிஷின்ல நிக்கறவன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான்."

"சீட்டுக்கு டை எது?"

"அச்சகத்துல பிளேட்டு."

எஸ்லின் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தாள். பாக்கியராஜ் சீட்டு அடித்த தளி ரோட்டு அச்சகத்துக்குப் போகிற வழியெல்லாம் விலா வலியில் பின் சீட்டில் நெளிந்துகொண்டே மாதேஷ் போனில் பேசினான். மறுபடி அந்த மொட்டைத் தலை வந்தால் தாங்காது. உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். போன வருஷம் தன்னை வேலையை விட்டு நிறுத்தியபோது கேட்டில் நின்று சண்டை போட்ட ஒரே மனுஷனைக் கூப்பிட்டான். யாரைக் கூப்பிட்டான் என்று எஸ்லின் கேட்கவில்லை. லாரி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவும் இல்லை.

அச்சகக்காரர் கிருஷ்ணப்பனின் நெற்றியில் கட்டு. மேஜை மேல் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக இருந்தது.

"பேடப்பா," என்றார் இவர்களைப் பார்த்ததும். "நனகே பேடா, எனக்கு வேணாம்பா இந்த வம்பு. முகத்துல துணி கட்டிக்கினு வந்தானுங்க, மண்டையில போட்டானுங்க, கம்ப்யூட்டரு, வேஸ்ட் பேப்பரு எல்லாம் வாரிக்கினு போயிட்டானுங்க."

"ஒந்தே நிமிஷா அண்ணா," என்றான் மாதேஷ். "பிளேட்டைக் கேட்டாங்களா?"

"பிளேட்டா? இல்ல."

பின்னறையில் அலுமினியத் தகடுகள் ஆணிகளில் துணி காய்கிற மாதிரி வரிசையாகத் தொங்கின. ஐந்தாவது தகட்டின் முதுகில் பச்சை அட்டை. அட்டையோடு நூலில் கட்டி, நான்காக மடித்த சீட்டு. 'கடைசி. மாலை 6.40. பா.ரா.' என்று சீட்டின் மேல் நீல மையில் எழுதியிருந்தது.

எஸ்லின் அதைப் பிரித்துப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மடித்துத் தன் கைப்பையில் போட்டாள்.

வெளியே புல்லட் வந்து நின்ற சத்தம்.

"அண்ணன் வந்துட்டாரு," என்றான் மாதேஷ்.

"எந்த அண்ணன்?"

ரத்தினவேல் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், தகடு பிரஸ்ஸில் நின்று உரமேறிய தோள். மாதேஷின் முகத்தைப் பார்த்து 'த்சொ' கொட்டினார். "அந்த நாய்ங்களா? இரு, இன்னைக்கு சாயங்காலம் இருக்குது அந்த தங்கதுரைக்கு. கெடச்சுதாடா?"

"லாஸ்ட் பீஸ் கெடச்சிடுச்சுண்ணே."

"லாஸ்ட் பீஸா?" ரத்தினவேல் சிரித்தார். "என்னடா புதுசா சொல்றே? ஃபர்ஸ்ட் பீஸ்னு ஒண்ணுதான் உண்டு. லாஸ்ட் பீஸுன்னு எவன் வெக்கறான்?"

மாதேஷும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை.

"அண்ணே," என்றாள் எஸ்லின், "நீங்க மிஷினை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு வருஷம். செயலாளர் ஆனதுல இருந்து சங்க டியூட்டிதானே. எதுக்கும்மா?"

"லாஸ்ட் பீஸ் வந்து நாலு வருஷம் ஆச்சாம். இப்ப மிஷின்ல நிக்கறவன் கொன்னிருந்தா, பாக்கெட்டையும் பிச்சிருப்பான், இந்த பிளேட்டையும் தூக்கியிருப்பான். கொன்னவனுக்குப் பாதிதான் தெரிஞ்சிருக்குது."

ரத்தினவேல் நிதானமாகத் திரும்பிப் போய் ஷட்டரை இழுத்து மூடினார். திரும்பியபோது சட்டைக்குப் பின்னாலிருந்து வீல் ஸ்பேனர் கையில் வந்திருந்தது.

முதல் அடி கிருஷ்ணப்பனுக்கு. பழைய கட்டின் மேலேயே விழுந்தது. அவர் காகிதக் கட்டுகள் மேல் மடிந்து விழுந்தார். இரண்டாவது மாதேஷின் முழங்காலுக்கு. ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது எஸ்லினின் தோளில் பட்டு அவளைச் சுவரில் கொண்டுபோய் அடித்தது. ரத்தினவேல் மாதேஷின் தலைமுடியைப் பிடித்துக் காகிதம் வெட்டும் மிஷினுக்கு இழுத்துப் போனார். அவன் இடது கையை மேடையில் வைத்து மேல் சக்கரத்தைச் சுற்றினார். காகிதத்தை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் இறங்கி விரல்கள் மேல் உட்கார்ந்தது. இன்னும் ஒரு சுற்று. சுண்டுவிரல் எலும்பு நொறுங்குவதை மாதேஷ் கேட்டான். அலறினான்.

"சீட்டைக் குடு," என்றார் எஸ்லினிடம். "இல்லன்னா இவன் இனிமே நாலு வரைக்கும் எண்ண மாட்டான்."

"இருவது வருஷம் பழகினவரு அண்ணே."

"ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டோம்." அவர் குரல் உடைந்தது, கை உடையவில்லை. "காலுல விழாத கொறையா கேட்டேன். தலைவரை மட்டும் போடு, செயலாளரை எடுத்துடுன்னு. ஒரே ஒரு சொல்லு. நாப்பது தடவை திருத்தினியேடா, எனக்காக ஒரு தடவை திருத்துடான்னேன். 'பத்துப் பேருக்கும் புரிஞ்சிடுச்சு ரத்தினம், இனி மாத்த முடியாது'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்த எழுதற கையைத்தான் மொதல்ல அடிச்சேன்."

எஸ்லின் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, தரையில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பக்கத்தில் மை டப்பா அடுக்கு. ரத்தினவேல் அவளையும் சீட்டையும் பார்த்தார். சாட்சி சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஸ்பேனரை வலது கையில் பிடித்தபடியே இடது கையால் மிஷினின் ஒரு பட்டனை அழுத்தினார். கத்தி அசையவில்லை.

மாதேஷின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு கையும் வேணும்ணே. ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்தணும். ஸ்பேனரை வெச்சுட்டு அழுத்துங்க. மிஷினை விட்டு நாளாச்சுன்னு இப்படியா."

கோபத்தில் ரத்தினவேலின் கண் சிவந்தது. ஸ்பேனரை மேஜை மேல் எறிந்தார். இரண்டு கைகளையும் அகல விரித்து இரண்டு பட்டன்களையும் அழுத்தினார். கத்தி இறங்கியது. அவர் முகமும் மார்பும் திறந்து கிடந்தன.

ஐந்து கிலோ மை டப்பா அவர் பொட்டில் இறங்கியது. ஒரு கை பட்டனை விட்டு நழுவியது. கத்தி மாதேஷின் நகத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. ரத்தினவேல் முகமெல்லாம் கறுப்பு மையும் ரத்தமுமாக எழப் பார்த்தார். எஸ்லின் ஸ்பேனரை எடுத்து அவர் வலது மணிக்கட்டில் ஒரு அடி, முழங்கையில் ஒரு அடி போட்டாள். மூன்றாவதுக்கு ஓங்கி, நிறுத்திக்கொண்டாள். கட்டு கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் அவர் கைகளைப் பின்னால் இறுக்கிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆளுக்கு நீயா போன் பண்ணினே?" என்றாள் சக்கரத்தைத் தளர்த்திக்கொண்டே.

"எனக்காக கேட்டுல சண்டை போட்டவரு, அக்கா." மாதேஷ் கையை மார்போடு அணைத்துக்கொண்டான். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

போலீஸ் வந்து ஆளை ஏற்றியபோது மணி இரண்டு இருபது. ஒரு கான்ஸ்டபிள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். கிருஷ்ணப்பன் நெற்றிக் கட்டிலிருந்து வழிகிற ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவரைத் தடுத்தார். "பிளேட்டு இருக்குது. மிஷின் ஓடுது. அறுநூத்தி இருவது சீட்டுக்குப் பத்து நிமிஷம் போதும். அப்புறமா ஆஸ்பத்திரி."

முதல் சீட்டு ஈரமாக வெளியே வந்ததும் மாதேஷ் அதை நல்ல கையால் எடுத்தான். பா.ரா. கையெழுத்திட்ட கடைசிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது: யாரும் எத்தனை முறை வேண்டுமானாலும் சங்கப் பதவியில் இருக்கலாம்.
மாற்றினால்: தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது.
மாற்றலாமா? மாற்றலாம் / வேண்டாம்

கீழே அதுவே கன்னடத்தில், தெலுங்கில்.

ரெண்டு நாற்பதுக்கு நிர்மலா கையெழுத்தைச் சரிபார்த்து, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சங்க ஷெட்டில் பழைய சீட்டுக் கட்டைக் கிழித்தாள். ரத்தினவேல் செய்தது அதற்குள் ஷிப்ட் முழுக்கப் பரவியிருந்தது. அற்புதமேரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் சீட்டைப் படித்துக் காட்டினாள்.

வெள்ளைச் சட்டையில் தங்கதுரை வந்தார். வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார்.

"புரியுதுங்களா ஐயா?" என்றாள்.

"புரியுதும்மா. அதான் கஷ்டமா இருக்குது."

நாலு மணிக்குப் பெட்டி நிறைந்தது. எண்ணுகிறவரைக்கும் அவள் நிற்கவில்லை. மீந்திருந்த சீட்டுகளில் அடியிலிருந்ததை உருவி எடுத்து, முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாதேஷிடம் வந்தாள்.

"லாஸ்ட் பீஸை எங்க வெப்பீங்க தம்பி?"

"டையோடக்கா. அது எங்க இருக்குதோ அங்க."

அவர் கட்டியிருந்த அதே பச்சை அட்டையை அவளே அதில் கட்டினாள். நான்காக மடித்துக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"மாதா கோயில்ல அஞ்சு மணிக்கு அவர் சவப்பெட்டியை மூடிடுவாங்க," என்றாள் எஸ்லினிடம். "அவர் பாக்கெட்ல வெக்கணும். வண்டியை எடுங்கம்மா."